போணிக்கு முன்னால்

சென்னை,
9 செப்டம்பர் 2024

பாத்திக்கா,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாருன்னு தெரிஞ்சிருக்கும். கிழிக்கறதா இருந்தா முழுசாப் படிச்சுப்போட்டுக் கிழிங்க.

இந்தக் காலத்துல யாருங்க கடுதாசி எழுதறாங்க? எனக்கு வேற வழி வெக்கலையே நீங்க. என் நம்பரை ப்ளாக் பண்ணி ஒரு மாசம் ஆகப் போகுது. அஃபானைக் கூப்பிட்டா, "அம்மா கடையில இருக்காங்க ஆன்ட்டி"ன்னு பட்டுனு வெச்சுடறான். பெத்த பையனை நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க. உங்க ஊட்டுக்காரரு வஹீது அண்ணன் ஒரே ஒரு தடவை எடுத்தாரு. "ஏனுங்க அம்மணி, சௌக்கியமா"ன்னு ஆரம்பிச்சவரு, பின்னாடி உங்க சத்தம் கேட்டதும் "ராங் நம்பருங்க"ன்னு வெச்சுப்போட்டாரு. பாவம் மனுசன்.

என் பக்கத்தையும் சித்த கேளுங்க. ‘கல்லா நிறையுமா?’ நிகழ்ச்சியில வாரத்துக்கு ஒரு கடை. ரகசியக் கேமராவோட ஒரு ஆள் வாடிக்கையாளர் மாதிரி உள்ள போவாங்க. அதை ஸ்டுடியோவுல போட்டுப் பார்த்து, கடைக்காரங்க எங்க தப்பு பண்றாங்கன்னு நான் சொல்லுவேன். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். யாவாரம் மந்தமா இருக்குதுன்னு நீங்கதானே புலம்புனீங்க? டிவியில வந்தா கூட்டம் வரும்னுதான் நானே உங்க கடைப் பேரைக் குடுத்தேன். நீங்களும் சரின்னுதானே சொன்னீங்க. அன்னைக்கு எனக்குக் காட்டுனது ஒரு முக்கால் நிமிசத் துண்டு. நைட்டி மாத்த வந்த பொண்ணைப் பார்த்து "போணி ஆகல"ன்னு கையை ஆட்டி விரட்டறீங்க. பார்த்ததுக்குத்தானே நான் பேச முடியும்? தெரிஞ்சவங்கன்னு உங்களைச் சும்மா விட்டா, மத்த கடைக்காரங்க என்னை என்ன நினைப்பாங்க?

சரி, அதை விடுங்க. இப்ப ஒரு நல்ல சேதி. அக்டோபர் இருபது, ஞாயித்துக்கிழமை, ஈரோட்டுல ஒரு பெரிய மண்டபத்துல எங்க தீபாவளி சிறப்பு நிகழ்ச்சி. நேரடி ஒளிபரப்பு. அந்தப் பக்கத்து யாவாரிங்கெல்லாம் வர்றாங்க. நீங்க மேடைக்கு வரணும். "அந்த நிகழ்ச்சிக்கு அப்பறம் நான் மாறிட்டேன்"னு ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும். விளம்பரதாரர் உங்க கடைக்குப் புது ஷெல்ஃப், லைட்டு, போர்டு எல்லாம் இலவசமாப் போட்டுத் தர்றாங்க. ஊரே கைதட்டும் பாருங்க.

எனக்கும் இதுல காரியம் இருக்குது, ஒளிக்க மாட்டேன். அடுத்த சீசனுக்கு இன்னும் ஒப்பந்தம் போடல. எங்க தயாரிப்பாளர் சசிதர், "அந்தப் போணி அக்காவைக் கூட்டிட்டு வாங்க மேடம், மறுநாளே கையெழுத்து"ங்கறாரு. நாம ரெண்டு பேரும் வேலை பார்த்த அந்தச் சேலைக் கடையில உங்க பக்கத்துல நின்னு மடிக்கக் கத்துக்கிட்டவ நான். அங்கிருந்து சூப்பர்வைசர், மேனேஜர், பெங்களூர் மால், அப்பறம் கடை கடையா ஏறி இறங்கி ஆலோசனை சொல்றதுன்னு ஒவ்வொரு படியா ஏறித்தான் இந்த நாற்காலிக்கு வந்திருக்கறேன். யாரும் என்னைத் தூக்கி உக்கார வெக்கல. இதை விட எனக்கு மனசு வரலைங்க.

வாரேன்னு ஒரு வரி போடுங்க.

கிளாடிஸ்


கோட்டைமேடு, கோயமுத்தூர்,
14 செப்டம்பர் 2024

டிவி புகழ் கிளாடிஸ் மேடம் அவர்களுக்கு,

ரிஃபானா நைட்டீஸ் பாத்திமுத்து எழுதிக்கொள்வது. தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் சௌக்கியமாக இருப்பதை வாராவாரம் டிவியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்த மரியாதையெல்லாம் இதுக்கு மேல என்ற கைக்கு வராது. நேராவே கேக்கறேன். உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா கிளாடி?

"பார்த்ததுக்குத்தானே பேச முடியும்"ங்கற. கேமராவுல நீ பார்த்தது முக்கால் நிமிசம். என்னை எத்தனை வருசமாப் பார்க்கற?

நடந்ததைச் சொல்றேன், கேட்டுக்க. அன்னைக்கு அப்பத்தான் ஷட்டரைத் தூக்கி, கூட்டிப்போட்டு, சாம்பிராணி காட்டிட்டு இருந்தேன். அந்தப் புள்ள வந்து நின்னுச்சு. முந்தாநாள் எடுத்த நைட்டியாம், கலர் புடிக்கலையாம், மாத்தோணுமாம். நான் என்ன சொன்னேன்? "இன்னும் போணி ஆகல கண்ணு. முதல் யாவாரம் ஆகறதுக்குள்ள வித்த சரக்கைத் திருப்பி வாங்க மாட்டோமுங்க. சித்த உக்காருங்க, டீ சொல்றேன். ஒரு யாவாரம் ஆனதும் மாத்திக் குடுக்கறேன்." இவ்வளவும் சொன்னேன். அதுல நீங்க காட்டுனது "போணி ஆகல"ங்கற ரெண்டு வார்த்தை. அப்பறம் என்ற கை ஆடறது. அந்தக் கை சாம்பிராணிப் பொகையை ஓட்டிட்டு இருந்துது அம்மணி!

யாவாரம் தெரியாதவிய சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். உனக்குத் தெரியாதா? நம்ம சேலைக் கடையில காலையில முதல் பில்லு போடறதுக்கு முன்னால ஒரு அம்மா சேலை மாத்த வந்துட்டாங்க. முதலாளி வர்ற நேரம்னு நீ அந்தம்மாளைக் கொண்டுபோயி குடோனுக்குள்ள உக்கார வெச்சுக் கதவைச் சாத்துனயே, அது யாரு? போணிக்கு முன்னால எதையும் திருப்பி வாங்கக்கூடாது, கடனும் குடுக்கக்கூடாது. நான் அங்க படிச்சது அதைத்தான், இன்னைக்கும் அப்படித்தான் கடை நடத்தறேன். "இதெல்லாம் நம்ம மார்க்கத்துல இல்லை பாத்திமா"ன்னு என்ற ஊட்டுக்காரரு தெனமும் சொல்லுவாரு. மார்க்கத்துல இல்லாட்டிப் போகுது, மார்க்கெட்டுல இருக்குதுங்கன்னு நானும் தெனமும் சொல்லுவேன்.

அந்தத் துண்டைக் காட்டிப்போட்டு நீ சொன்னயே ஒண்ணு. "இந்த மாதிரி கடைக்காரங்க இருக்கற வரைக்கும் ஆன்லைன்காரங்க ஜெயிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க." அதைச் சிரிச்சுக்கிட்டே சொன்ன. திட்டியிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன்.

இப்ப என்ற நிலைமையைக் கேளு. காலேஜுப் பசங்க வாசல்ல நின்னு போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, "அக்கா, போணி ஆச்சா?"ங்கறானுக. ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுக் கல்யாணத்துல பந்தியில உக்காந்தா அங்கயும் அதே கேலி. அது கெடக்குது. குனியமுத்தூர்ல இருந்து வர்ற பொம்பளைங்க, "அந்தக் கடையில மாத்தித் தர மாட்டாங்களாமே"ன்னு வர்றதையே நிறுத்திப்போட்டாங்க. நைட்டிக் கடையில மாத்தித் தரலைன்னா எவ வருவா? அளவு பத்தலைன்னா, சாயம் போச்சுன்னா மாத்தித் தருவாங்கங்கற நம்பிக்கையிலதானே எடுத்துட்டுப் போறாங்க? நான் இத்தனை வருசம் சேத்து வெச்சது அந்தப் பேரைத்தான். அதை நீ ஒரே வாரத்துல காலி பண்ணிப்போட்ட.

உன்ற இலவச ஷெல்ஃபும் வேண்டாம், போர்டும் வேண்டாம். செய்யாத தப்பைத் திருத்திக்கிட்டேன்னு மேடையேறிச் சொல்லோணுமா நான்? அன்னைக்கு எடுத்ததை வெட்டாம முழுசா அதே டிவியில போடச் சொல்லு. அப்பறம் பேசு.

போன் எடுக்க மாட்டேன். எடுத்தா அழுதுபோடுவேன். எழுதுனாத்தான் எனக்கு ஒழுங்காத் திட்ட வருது.

பாத்திமுத்து


சென்னை,
23 செப்டம்பர் 2024

பாத்திக்கா,

திட்டு நல்லாவே வந்திருக்குதுங்க. ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல.

சாம்பிராணிப் புகைன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை. போணி விசயத்துல நான் சொன்னது சொன்னதுதான். காலையில முதல் ஆளா ஒருத்தி உங்க படியேறி வந்தா அவளுக்கு பஸ்ஸைப் புடிக்கற அவசரம் இருக்கும். உங்க நம்பிக்கைக்கு அவ ஏன் டீ குடிச்சுக்கிட்டுக் காத்துக் கெடக்கணும்? குடோன்ல அந்தம்மாளை ஒளிச்சு வெச்சேனே, அன்னைக்கே எனக்கு இந்தப் பழக்கம் புடிக்கலைங்க. நீங்க அதைப் புடிச்சுக்கிட்டீங்க, நான் விட்டுட்டேன். இது நமக்குள்ள என்னைக்கும் இருக்கற சண்டைதானே?

நீங்க கேட்டதைச் சசிதர்கிட்டக் கேட்டேன். முதல்ல "அந்த ஃபுட்டேஜ் அழிஞ்சு போச்சு மேடம்"னாரு. எங்கிட்டயே காதுல பூ சுத்தறாரு. நான் விடல. மூணாவது தடவை கேட்டப்ப, "இருக்குது, ஆனா போட முடியாது. உங்க அக்காவுக்கு ஒண்ணு போட்டா, இதுவரைக்கும் காட்டுன அத்தனை கடைக்காரங்களும் முழுசாப் போடுன்னு வாசல்ல வந்து நிப்பாங்க"ன்னாரு. அப்படின்னா எத்தனை கடையை இப்படி வெட்டியிருக்காங்கன்னு யோசிச்சேன். யோசிக்காம இருந்தா நல்லா இருந்திருக்கும்.

என் நிலைமையையும் கொஞ்சம் பாருங்க. மிதுன்னு ஒரு பையனைத் தயார் பண்ணி வெச்சிருக்காங்க. மொபைல்ல ஒரு நிமிச வீடியோவா யாவாரம் பத்திப் பேசறான். ஒரு கடையிலயும் ஒரு நாள் கூட நின்னதில்லை. போன வாரம் என் நாற்காலியில அவனை உக்கார வெச்சு டெஸ்ட் எடுத்தாங்க. நான் மேக்கப் ரூம்ல இருக்கறது தெரிஞ்சே எடுத்தாங்க. எனக்கு நாப்பத்தேழு ஆகுது பாத்திக்கா. இந்த நாற்காலி போனா அடுத்தது எதுன்னு எனக்குத் தெரியல.

அதனால ஒரு நடுவழி சொல்றேன். நீங்க மேடைக்கு வாங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். உங்களைப் பத்தி நானே நாலு நல்ல வார்த்தை சொல்லிடறேன். பெரிய மனசுக்காரங்க, உழைப்பாளின்னு சொல்றேன். பழசு அதோட அடங்கிடும். எனக்காக வரக்கூடாதா?

கிளாடிஸ்


கோட்டைமேடு,
28 செப்டம்பர் 2024

கிளாடி,

வரமாட்டேன்.

உன்ற நாலு நல்ல வார்த்தை எனக்கு எதுக்கு? நான் நல்லவளான்னு ஊருக்கு நீ சொல்ல வேண்டாம். நடந்தது என்னன்னு சொல்லு, போதும். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலையா உனக்கு? சேலையில ஓட்டை இருந்தா எடுத்துக் காட்டிச் சொல்லித்தான் விக்கோணும்னு எங்கிட்ட மல்லுக்கு நின்னவ நீ. முதலாளிகிட்டத் திட்டு வாங்கிக்கிட்டும் காட்டுன. அந்தக் கிளாடி எங்க போனா? இப்ப ஓட்டை மேல ஜரிகையைப் போத்தி என்னை மேடையேத்தப் பார்க்கற.

காத்திருக்கறதைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத. நீ சொல்றது சரியாக்கூட இருக்கலாம். அந்தச் சண்டையை இருபத்தஞ்சு வருசமாப் போட்டுட்டுத்தான் இருக்கறோம், இன்னும் போடலாம். அது வேற, இது வேற.

நாற்காலி போயிரும்னு பயப்படற. பயமாத்தான் இருக்கும், தெரியுது. எனக்கும் பயமாத்தான் இருக்குது. தீபாவளிச் சரக்கு எடுக்க ஈரோட்டுச் சந்தைக்குப் போயிட்டு, போன வருசம் எடுத்ததுல பாதிதான் எடுத்தேன். வித்துருவேன்னு தைரியம் வரல. கட்டுக் கட்டி வண்டியில ஏத்தறப்ப என்ற ஊட்டுக்காரரு, "அவ்வளவுதானா பாத்திமா"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாரு.

இனிமே நடுவழியெல்லாம் எழுதாத. செய்யறதா இருந்தா செய். இல்லைன்னா விடு.

பாத்திமுத்து


சென்னை,
11 அக்டோபர் 2024

பாத்திக்கா,

பார்த்துட்டேன். முழுசாப் பார்த்துட்டேன். காட்டலைன்னா ஈரோட்டுக்கு வர மாட்டேன்னு அடம் புடிச்சேன். எடிட்டிங் ரூம்ல ஒரு மூலையில உக்கார வெச்சுப் போட்டுக் காட்டுனாங்க.

நீங்க எனக்கு எழுதுனது பாதிதான். டீ சொல்றேன்னீங்க, சரி. அதுக்கு அப்பறம் நடந்ததை ஏன் எழுதலை? அந்தப் புள்ள "ஆஃபீசுக்கு நேரமாச்சு"ங்குது. நீங்க ஒரு நிமிசம் தெருவைப் பார்க்கறீங்க, யாராவது வந்து ஒரு கைக்குட்டையாவது வாங்க மாட்டாங்களான்னு. யாரும் வரல. உடனே உள்ள போயி, புடிச்ச கலரை எடுத்து, கவர்ல போட்டு அவ கையில குடுக்கறீங்க. "இதைக் கொண்டுபோங்க கண்ணு. பழசும் உங்ககிட்டயே இருக்கட்டும். சாயங்காலம் போற வழியில கொண்டாந்து குடுங்க"ங்கறீங்க. பேரு கேக்கல, போன் நம்பர் கேக்கல. முன்னப் பின்னத் தெரியாத புள்ள கையில ரெண்டு நைட்டி! ரகசியக் கேமராவோட வந்த அந்தப் புள்ளையே ரெண்டு தடவை, நெசமாவான்னு கேக்குது.

போணிக்கு முன்னால கடன் குடுக்கறது அதை விடப் பெரிய குத்தம்ங்கறவங்க நீங்க. அதையும் மீறிக் குடுத்திருக்கீங்க. அதை எனக்கு எழுத உங்களுக்கு வெக்கம், இல்லீங்களா? போணியில உறுதியா நின்னேன்னு எங்கிட்டக் காட்டிக்கணும்! உங்க வீறாப்பு எனக்குத் தெரியாதா?

நான் கடை கடையாப் போயி மேசையைத் தட்டித் தட்டிச் சொல்றது என்ன? வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பாதீங்கன்னுதானே? அதைச் செஞ்சவங்களைப் பார்த்துத்தான் நான் சிரிச்சிருக்கறேன். நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருக்குது.

அந்த நைட்டியைச் சாயங்காலம் யாரும் கொண்டாந்து குடுக்கல, தெரியும். எங்க ஆஃபீஸ் அலமாரியில ஒரு மூலையில கெடந்துது. ரெண்டையும் துவைச்சு இதோட அனுப்பியிருக்கறேன்.

இருபதாம் தேதி நான் மேடையில சொல்லப் போறேன். ஃபுட்டேஜ் போட மாட்டாங்க, அதனால வாயால சொல்லப் போறேன், முதல்ல இருந்து கடைசி வரைக்கும். நேரடி ஒளிபரப்புங்கறதால வெட்ட முடியாது. எழுதிக் குடுத்ததுக்கு மேல ஒரு வார்த்தை பேசினாலும் ஒப்பந்தம் கிடையாதுன்னு சசிதர் நேத்தே சொல்லிட்டாரு. எப்படியோ மோப்பம் புடிச்சிருக்காரு. வர்ற யாவாரிங்க போனையெல்லாம் கூட வாசல்லயே வாங்கி வெச்சுக்கப் போறாங்களாம்.

பயமா இருக்குதுங்க. ஆனா இதைச் சொல்லாம அந்த நாற்காலியில உக்காந்து இன்னொரு கடைக்காரங்களைப் பார்த்து நான் எப்படி வாயைத் திறப்பேன்? அதை விடக் கெணத்துக்கடவுல எங்க தம்பி வின்ஸ்டனோட தேங்காய்க் களத்துல உக்காந்து தேங்காய் உரிக்கலாம்.

நீங்க வராதீங்க. வந்தீங்கன்னா கேமராவை உங்க மூஞ்சிக்கு நேரா வெச்சு அழ வெப்பாங்க. ஊட்டுல உக்காந்து ஏழு மணிக்கு டிவியைப் போடுங்க. வஹீது அண்ணனையும் கூட உக்கார வெச்சுக்குங்க.

கிளாடிஸ்


கிணத்துக்கடவு,
22 அக்டோபர் 2024

பாத்திக்கா,

நீங்க டிவியில என்ன பார்த்திருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். எங்க வின்ஸ்டன் பார்த்துட்டுச் சொன்னான். "கோயமுத்தூர் நைட்டிக் கடை அக்காவைப் பத்தி ஒரு உண்மையை"ன்னு நான் ஆரம்பிச்சதும் பட்டாசு விளம்பரம் வந்துச்சாம். அப்பறம் சோப்பு விளம்பரம். அதுக்கு அப்பறம் என் இடத்துல அந்தப் பையன் மிதுன் நின்னு தீபாவளி வாழ்த்து சொன்னானாம். நேரடி ஒளிபரப்பை வெட்ட முடியாதுன்னு நினைச்சேன் பாருங்க, என்னை விட முட்டாள் உண்டா?

உள்ள நடந்ததைச் சொல்றேன். மைக்கை அணைச்சுட்டாங்க. நான் நிறுத்தல. சேலைக் கடையில மூணாவது மாடிக்குக் கேக்கற மாதிரி கூப்பிடுவோமே, அந்தக் குரல்ல சொன்னேன். சாம்பிராணி, டீ, கவர்ல போட்டுக் குடுத்தது எல்லாத்தையும் சொன்னேன். நான் சிரிச்சுக்கிட்டுச் சொன்னதையும் சொன்னேன். அதுக்குள்ள பாட்டைச் சத்தமாப் போட்டுட்டாங்க. ஸ்பீக்கர் சத்தத்துல முன்னாடி நாலு வரிசைக்காவது கேட்டுதான்னு கூடத் தெரியல. ரெண்டு பேரு வந்து கையைப் புடிச்சு மேடைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போயிட்டாங்க. எல்லாரோட போனும் வாசல்ல இருந்ததால படம் எடுத்தவங்க கூட யாரும் இல்லை.

வேலை போச்சு. அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டாங்க. அதுக்குக் கூட அழுகை வரல. உங்க பேரைச் சரி பண்ணப் போறேன்னு பெருசா எழுதிட்டு, ஒண்ணுமே ஆகலையேன்னுதான் அழுதேன். ஊருக்கு இன்னும் நீங்க அதே போணி அக்காதான். செஞ்சேன்னு உங்களை நம்பச் சொல்லி எந்த வாயால கேப்பேன்? நம்பறதுக்கு உங்களுக்கு நான் என்ன மிச்சம் வெச்சிருக்கறேன்?

ஆனா செஞ்சது தப்புன்னு தோணல. இன்னொரு தடவை மேடை கெடைச்சாலும் அதையேதான் பேசுவேன்.

கொஞ்ச நாளைக்கு இங்கதான் இருப்பேன். பதில் போடணும்னு இல்லைங்க.

கிளாடிஸ்


கோட்டைமேடு,
25 அக்டோபர் 2024

அடி கிளாடி,

பதில் போடணும்னு இல்லையா? நல்லா இருக்குதே நியாயம்! நீ பாட்டுக்கு எழுதி எழுதி என்ற தூக்கத்தைக் கெடுப்ப, நான் வாயை மூடிட்டு இருக்கோணுமா?

நான் டிவி பார்க்கல. நான் அந்த மண்டபத்துல இருந்தேன்.

எங்களுக்குச் சரக்குக் குடுக்கற ஈரோட்டு யாவாரி ரெண்டு பாஸ் வெச்சிருந்தாரு. சந்தைக்குப் போறேன்னு அஃபான்கிட்டச் சொல்லிப்போட்டு நானும் என்ற ஊட்டுக்காரரும் பஸ் ஏறுனோம். ஞாயித்துக்கெழமை எந்தச் சந்தை இருக்குது? உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். நீ சொல்றயா, இல்லை வழக்கம் போல மழுப்பறயான்னு என்ற கண்ணால பார்க்கோணும்னு வந்தேன். மழுப்புனா அதோட உன்னைத் தலை முழுகிறதுன்னு முடிவு பண்ணித்தான் வந்தேன். கடைசி வரிசையில, தூணுக்குப் பக்கத்துல, துப்பட்டாவை நெத்தி வரைக்கும் இழுத்து விட்டுட்டு உக்காந்திருந்தேன்.

மைக் நின்னுச்சு. பாட்டைப் போட்டானுக. உன்ற குரல் கடைசி வரிசைக்குக் கேட்டுது கிளாடி. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுது. "கவர்ல போட்டுக் கையில குடுத்தாங்க"ன்னு நீ கத்துனப்ப என்ற ஊட்டுக்காரரு என்னைத் திரும்பிப் பார்த்து, "போணிக்கு முன்னால கடன் குடுத்தயா நீயி?"ன்னாரு. அந்த நேரத்துலயும் அவருக்கு அதுதான்! நான் அழுதுட்டு இருந்தேன், சிரிப்பும் வந்துருச்சு.

உன்னைக் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனப்ப எந்திரிச்சுக் கத்தோணும்னு பார்த்தேன். அதுக்குள்ள உன்னை உள்ள கொண்டுபோயிட்டானுக. மேடைக்குப் பின்னாடி ஓடி வந்தேன், அங்க நின்ன ஆளு விடல. "அவ என்ற கூட்டாளி"ன்னு சொன்னேன். நம்பல. அதனால உனக்குச் சாட்சி இல்லைன்னு நினைச்சுக்காத. நான் பார்த்தேன், நான் கேட்டேன். டிவியில ஊரே பார்த்து நான் மட்டும் கேக்காமப் போயிருந்தா எனக்கு அது பத்தியிருக்காது.

நான் மட்டும் இல்லை. என்ற பக்கத்துல கொடுமுடிக்காரம்மா ஒருத்தங்க உக்காந்திருந்தாங்க. மளிகைக் கடை வெச்சிருக்காங்களாம். "அந்த அக்கா யாருன்னு தெரியுமாங்க உங்களுக்கு?"ன்னு எங்கிட்டயே கேட்டாங்க. நான்தானுங்கன்னேன். துப்பட்டாவை விலக்கிப் பார்த்துட்டு என்ற கையைப் புடிச்சுக்கிட்டாங்க. வெளிய வந்தா அஞ்சாறு கடைக்காரங்க சேர்ந்துட்டாங்க. அதுல ரெண்டு பேரு கடையை உன்ற நிகழ்ச்சியிலயே வெட்டிக் காட்டி அசிங்கப்படுத்தியிருக்குது, தெரியுமா? அவியளும் உன்னைத்தான் கேட்டாங்க. திட்டறதுக்கு இல்லை. "டிவிக்காரி வேண்டாமுங்க. மைக் இல்லாமப் பேசுனாங்களே, அவிய எங்க கடைக்கு வருவாங்களா?"ன்னாங்க. வருவா, ஆனா சும்மா வரமாட்டான்னு சொல்லிப்போட்டேன். நீ களத்துக்குத்தான் போவன்னு தெரிஞ்சு வின்ஸ்டன் நம்பரைக் குடுத்திருக்கறேன். இந்நேரம் கூப்பிட்டிருப்பாங்க, கூப்பிடலைன்னா கூப்பிடுவாங்க.

தேங்காய் உரிக்கறாளாம்! எல்லாத்தையும் விட்டுப்போட்டு அதுக்கா இத்தனை பாடு பட்ட? கண்ணைத் தொடைச்சுக்கிட்டு எந்திரி. கேமரா வர்றதுக்கு முன்னால உனக்கு யாவாரம் தெரியும். இப்பவும் தெரியும். அதை எவன் வந்து உங்கிட்ட இருந்து புடுங்க முடியும்?

மண்டபத்துல இருந்து வந்த மறுநாளே நான் உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல. ஏன்னு கேளு, மறைக்காமச் சொல்றேன். எனக்குக் கோவம் இன்னும் போகல. நீ கத்துனதைக் கேட்டு அழுதேன், ஊட்டுக்கு வந்து படுத்தா நீ சிரிச்சுக்கிட்டே சொன்னதுதான் திரும்பத் திரும்ப ஓடுது. எப்பப் போகும்னு தெரியல. தீபாவளிக்குள்ள போயிரும்னு பொய் சொல்ல மாட்டேன்.

வியாழக்கெழமை தீபாவளி. ஈரோட்டுல இருந்து திரும்பறப்பவே, மிச்சப் பாதிச் சரக்கையும் அனுப்பச் சொல்லிப்போட்டு வந்தேன். வந்து எறங்கிக் கடை பூரா கட்டுக் கட்டாக் கெடக்குது. வித்தே தீரோணும். எனக்கு ஆளு பத்தல. திங்கக்கெழமை காலையில முதல் பஸ்ஸைப் புடிச்சு வா. கோவம் தீரட்டும், அப்பறம் போலாம்னு அங்கயே உக்காந்திருக்காத. நான் உங்கிட்டப் பேச மாட்டேன், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். இருந்துட்டுப் போறேன். நீ வந்து என்ற பக்கத்துல நின்னு வேலையைப் பாரு.

பாத்திமுத்து